கணினி மறுத்துவிட்டால் யாரிடம் முறையிடுவது?

வாசகர் கேள்வி – சட்டப் பதில்

டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைப் பற்றிக் கேட்டுச் சேலம் மாவட்டத்திலிருந்து பல வாசகர்கள் எழுதியிருக்கிறார்கள். ஊரும் தொழிலும் வெவ்வேறானாலும் பெரும்பாலான கடிதங்கள் கேட்பது ஒன்றைத்தான்: எந்த மனிதரும் நேரில் விசாரிக்காமல் கணினியே எடுத்துவிட்ட ஒரு முடிவை எதிர்த்துக் கேட்க இந்தச் சட்டத்தில் இடமிருக்கிறதா? அவற்றுள் சில கடிதங்களுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். எழுதியவர்களின் பெயர்களையும் அவர்கள் குறிப்பிட்ட நிறுவனங்களின் பெயர்களையும் விட்டுவிட்டு, ஊரை மட்டும் தந்திருக்கிறோம்.

கே: கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன், மூன்று பேர் வேலை செய்கிறார்கள். புதிய மெஷின் வாங்குவதற்காக வங்கியில் நான்கு லட்சம் ரூபாய் கடன் கேட்டேன். மேலாளர் பட்டறைக்கே வந்து பார்த்துவிட்டுக் கொடுக்கலாம் என்றுதான் சொன்னார். ஆனால் விண்ணப்பத்தைக் கணினியில் ஏற்றிய சில நிமிடங்களிலேயே ‘தகுதியில்லை’ என்று வந்துவிட்டது. ‘சிஸ்டம் எடுக்கவில்லை, நான் என்ன செய்யட்டும்?’ என்கிறார். வியாபாரி கொடுக்கும் வெள்ளியை எடை போட்டு வாங்கி, கொலுசாகச் செய்து கொடுத்துக் கூலி பெறும் தொழில் எங்களுடையது. ஆடி மாதத்தில் வேலை மிகவும் குறைந்துவிடும். புதிய சட்டப்படி, ஒரு மனிதர் என் விண்ணப்பத்தைப் பார்த்து முடிவு சொல்ல வேண்டும் என்று நான் கேட்க முடியுமா, அம்மா?
— வாசகர், சிவதாபுரம்

ப: அப்படியோர் உரிமையை இந்தச் சட்டம் உங்களுக்குத் தரவில்லை. 2023 ஆகஸ்ட் 11 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்ற இந்தச் சட்டத்தில் ‘தானியங்கி’ என்ற சொல்லுக்கு விளக்கம் உண்டு; ஆனால் தானியங்கி முறையில் எடுக்கப்பட்ட முடிவுக்குக் காரணம் கேட்கவோ, அதை ஏற்க மறுக்கவோ, மனிதர் ஒருவர் மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்று கோரவோ வழிசெய்யும் பிரிவு ஒன்றுகூட இல்லை. முடிவுக்கு அடிப்படையாக அமைந்த தரவின் மீது மட்டுமே சட்டம் உங்களுக்குப் பிடிமானம் தருகிறது. அந்தப் பிடிமானத்தைச் சிறியதென்று விட்டுவிடாதீர்கள் என்பதுதான் நான் உங்களுக்குச் சொல்ல விரும்புவது.

ஒருவரைப் பாதிக்கும் முடிவை எடுக்க அவருடைய தரவு பயன்படக்கூடும் என்றால், அந்தத் தரவு முழுமையாகவும் பிழையின்றியும் ஒன்றுக்கொன்று முரண்படாமலும் இருப்பதை அதைக் கையாளும் நிறுவனமே உறுதிசெய்ய வேண்டும் என்று 8ஆம் பிரிவின் 3ஆம் உட்பிரிவு கூறுகிறது. தன்னைப் பற்றி என்னென்ன தரவு இருக்கிறது, அது யார் யாருக்குக் கொடுக்கப்பட்டது என்ற விவரத்தைக் கேட்டுப் பெற 11ஆம் பிரிவும், பிழையைத் திருத்தவும் விடுபட்டதைச் சேர்க்கவும் கோர 12ஆம் பிரிவும் இடம் தருகின்றன. ஆனால் இவை இன்று உங்கள் கைக்கு வந்துவிடவில்லை. சட்டத்துக்கான விதிகள் 2025 நவம்பரில்தான் அறிவிக்கப்பட்டன. தரவுப் பாதுகாப்பு வாரியத்தை அமைப்பது தொடர்பானவை உடனடியாகவும், நிறுவனங்களின் கடமைகளும் நம்முடைய உரிமைகளும் 18 மாதங்கள் கழித்தும், அதாவது 2027 மே மாதத்தில், நடைமுறைக்கு வருமென்று அந்த அறிவிக்கை சொல்கிறது.

அதுவரை காத்திருக்க வேண்டிய தேவை உங்களுக்கு இல்லை. கடன் தொடர்பான தரவுக்கு 2005ஆம் ஆண்டின் கடன் தகவல் நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டமும் ரிசர்வ் வங்கியின் கட்டளைகளும் ஏற்கெனவே இருக்கின்றன. சிபில், ஈக்விஃபேக்ஸ், எக்ஸ்பீரியன், கிரிஃப் ஹைமார்க் ஆகிய நான்கு நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒருமுறை உங்கள் கடன் வரலாற்றின் முழு அறிக்கையை, ஸ்கோர் எனப்படும் கடன் மதிப்பெண்ணுடன் உங்களுக்கு இலவசமாகத் தர வேண்டும். நான்கையும் எடுங்கள், ஒன்றில் இல்லாத பிழை இன்னொன்றில் இருக்கும். என்னிடம் வரும் அறிக்கைகளில் நான் அடிக்கடி காண்பது, எப்போதோ கட்டி முடித்த இருசக்கர வாகனக் கடன் இன்னும் நிலுவையில் இருப்பதாகப் பதிவாகியிருப்பதும், யாருக்கோ போட்ட ஜாமீன் கையெழுத்து நம் கணக்கில் வந்து உட்கார்ந்திருப்பதும்தான். பிழையிருந்தால் அந்த இணையதளத்திலேயே முறையீடு செய்யலாம். முறையீட்டை 30 நாள்களுக்குள் தீர்க்காவிட்டால், தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடாகத் தர வேண்டும் என்று 2023 அக்டோபரில் ரிசர்வ் வங்கி உத்தரவிட்டிருக்கிறது. இந்த உத்தரவு இருப்பதையே அறியாமல் எத்தனையோ பேர் பிழையான அறிக்கையைத் தலைவிதியாக ஏற்றுக்கொள்கிறார்கள். அதுதான் எனக்கு மிகுந்த வருத்தம்.

அறிக்கையில் பிழையே இல்லையென்றால் என்ன செய்வது? உங்கள் தொழிலைப் பற்றிய வரிகளை இரண்டு முறை படித்தேன். கூலியாக வருவதில் ஒரு பகுதி ரொக்கமாகவே கைமாறியிருக்கும். ஆடியில் வங்கிக் கணக்கு அசையாமல் கிடந்திருக்கும். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் முந்திய வாரங்களில் மட்டும் பணம் வந்து போயிருக்கும். மாதச் சம்பளக்காரரின் கணக்கையே இயல்பானது என்று கொண்டு பழக்கப்படுத்தப்பட்ட ஒரு கணிப்பு முறைக்கு இது ஆபத்தான கணக்காகத் தெரிவதில் வியப்பில்லை. பட்டறையை நேரில் பார்த்த மேலாளருக்குத் தெரிந்த உண்மை அந்த முறைக்குள் நுழைவதற்கு வழியே வைக்கப்படவில்லை. குற்றம் அங்கேதான் இருக்கிறது. எனவே உத்யம் என்னும் சிறுதொழில் பதிவையும், வருமான வரிக் கணக்கையும், வியாபாரிகளிடம் வெள்ளி வாங்கிய, திருப்பிக் கொடுத்த எடைக் குறிப்புகளின் நகல்களையும் இணைத்து, கடன் மறுக்கப்பட்டதற்கான முக்கியக் காரணத்தை எழுத்தில் தருமாறு வங்கிக்கு ஒரு கடிதம் கொடுங்கள். கடன் எவ்வளவு சிறியதாயினும் மறுப்புக்கான முக்கியக் காரணத்தை எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் நியாயமான நடைமுறைக் கோட்பாட்டில் உள்ளது. ‘சிஸ்டம் எடுக்கவில்லை’ என்பது காரணம் ஆகாது. 30 நாள்களில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் மழுப்பலாக இருந்தாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். 14448 என்ற எண்ணில் வழிகாட்டுவார்கள். கடன் கொடுத்தே ஆக வேண்டும் என்று அவரும் சொல்ல மாட்டார். ஆனால் காரணத்தை எழுத வேண்டிய கட்டாயம் வந்ததும், கோப்பு ஒரு மனிதரின் மேசைக்குப் போகிறது. நீங்கள் கேட்டது அதைத்தானே?

கே: சேலத்தில் உணவு கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை பார்க்கிறேன். பழனியில் மொட்டை போட்டுவிட்டு வந்த மறுநாள் காலை, செயலி வழக்கம்போல் செல்ஃபி கேட்டது. முகம் ஒத்துப்போகவில்லை என்று மூன்று முறை சொல்லிவிட்டு ஐடியை பிளாக் செய்துவிட்டது. உதவிக்கு எழுதினால் ‘உங்கள் கணக்கு விதிமீறலுக்காக முடக்கப்பட்டுள்ளது’ என்ற ஒரே வாசகம் திரும்பத் திரும்ப வருகிறது. பேசுவதற்கு எண் இல்லை, போய்க் கேட்பதற்குச் சேலத்தில் அலுவலகம் இல்லை.
— வாசகர், கொண்டலாம்பட்டி

ப: உங்கள் கடிதத்தை இந்த இதழின் முதல் கேள்வியாகவே வைத்திருக்கலாம்; ஒரு முடிவு எவ்வளவு சுலபமாக எடுக்கப்பட்டு, எவ்வளவு கடுமையாக ஒரு குடும்பத்தின் மீது விழுகிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. வேண்டுதல் முடித்துத் தலைமுடி இறக்கியவர் யாரோ ஒரு ஆள்மாறாட்டக்காரராகிவிட்டார். அதைச் சரிபார்க்க யாரும் இல்லை.

நடந்ததைச் சட்டத்தின் கண்ணால் பார்ப்போம். உங்கள் முகப்படம் தனிநபர் தரவு. அதைப் பழைய படத்தோடு ஒப்பிட்டு, நீங்கள் நீங்கள் அல்ல என்று முடிவு செய்திருக்கிறார்கள். முடிவுக்குப் பயன்படும் தரவு பிழையின்றி இருக்க வேண்டும் என்ற 8(3) பிரிவின் கடமை இங்கே நேராகப் பொருந்தும். அந்தப் பிரிவு நடைமுறைக்கு வந்த பிறகு, நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதி, 90 நாள்களுக்குள் தீர்வு கிடைக்காவிட்டால் தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்கு இணையவழியிலேயே புகார் செய்யலாம். 90 நாள் என்பது நிறுவனத்துக்கு வசதியான காலம். அன்றாடம் ஓடிச் சம்பாதிக்கும் ஒருவருக்கு மூன்று மாதம் என்றால் என்ன பொருள் என்பதை விதியை எழுதியவர்கள் எண்ணிப் பார்த்திருக்க வேண்டும்.

பக்கத்து மாநிலம் எண்ணிப் பார்த்திருக்கிறது. கர்நாடகம் 2025இல் கொண்டுவந்த செயலிவழித் தொழிலாளர் சட்டம், தானியங்கிக் கண்காணிப்பும் முடிவெடுப்பும் தொழிலாளரை எப்படிப் பாதிக்கின்றன என்பதை அவர்களுக்கு நிறுவனங்கள் வெளிப்படுத்த வேண்டும் என்கிறது. தகுந்த காரணத்தை எழுத்தில் சொல்லி, 14 நாள் முன்னறிவிப்பும் கொடுக்காமல் ஒருவரை வேலையிலிருந்து நீக்க முடியாது என்றும் சொல்கிறது. ஓசூருக்கு அந்தப் பக்கம் ஓட்டுபவருக்கு இருக்கும் பாதுகாப்பு, இந்தப் பக்கம் அதே நிறுவனத்துக்கு ஓட்டும் உங்களுக்கு இல்லை. தமிழ்நாட்டில் 2023 டிசம்பரில், உங்களைப் போலச் செயலி வழியாக வேலை பார்க்கும் கிக் தொழிலாளர்களுக்கென நல வாரியம் அமைக்கப்பட்டது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் மத்திய அரசின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டமும் உங்களைத் தொழிலாளர் வகையில் சேர்த்துக்கொள்கிறது. இரண்டும் நலத்திட்டங்களுக்கானவை, கணக்கு முடக்கத்தைப் பற்றி இரண்டுமே பேசவில்லை. தமிழ்நாடு இதற்கெனச் சட்டம் இயற்ற வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை.

இப்போதைக்குச் செய்ய வேண்டியவை: செயலிக்குள் வரும் அரட்டையோடு நிற்காமல், நிறுவனத்தின் தனியுரிமைக் கொள்கைப் பக்கத்தில் கட்டாயம் இருக்கும் குறைதீர் அலுவலரின் மின்னஞ்சலுக்கு எழுதுங்கள். மொட்டைக்கு முன்னும் பின்னும் எடுத்த படங்கள், ஓட்டுநர் உரிமம், முடக்கம் நடந்த நாள், நேரம் ஆகியவற்றை இணைத்து, எந்த விதி மீறப்பட்டது என்று கேளுங்கள். திரையில் வந்த ஒவ்வொரு வாசகத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். தொழிற்சங்கம் ஒன்றில் சேர்ந்து அதன் வழியாகத் தொழிலாளர் துறைக்கும் ஒரு மனு கொடுங்கள். தனி ஆளுக்கு வராத பதில் சங்கத்துக்கு வருவதைக் கண்டிருக்கிறேன்.

கே: மகளிர் உரிமைத்தொகைக்கு விண்ணப்பித்தேன். நான்கு சக்கர வாகனம் இருப்பதாகச் சொல்லி நிராகரித்துவிட்டார்கள். நாங்கள் காப்பித் தோட்டத்தில் கூலி வேலை செய்பவர்கள். என் கணவர் முன்பு ஒரு பழைய ஜீப்பை வைத்து மிளகு மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார். அதைப் பல வருடங்களுக்கு முன்பே அரூர்ப் பக்கம் ஒருவருக்கு விற்றுவிட்டோம். எங்களிடம் சைக்கிள்கூட இல்லை என்பது ஊருக்கே தெரியும்.
— வாசகி, ஏற்காடு

ப: ஊருக்குத் தெரிந்தது பதிவேட்டுக்குத் தெரியவில்லை, தாயே. ஜீப்பை வாங்கியவர் பெயர் மாற்றாமலே ஓட்டியிருப்பார்; போக்குவரத்துத் துறையின் கணினியில் அது இன்றுவரை உங்கள் கணவர் பெயரில் நிற்கும். கார், ஜீப், டிராக்டர் வைத்திருக்கும் குடும்பத்துக்கு உரிமைத்தொகை இல்லை என்பது 2023இல் திட்டம் தொடங்கியபோது வகுக்கப்பட்ட நிபந்தனை. ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் பயன்படுத்தும் குடும்பத்துக்கும் இல்லை என்று இன்னொரு நிபந்தனை உண்டு. குடும்ப அட்டை எண்ணையும் ஆதாரையும் வைத்து வெவ்வேறு துறைகளின் பட்டியல்களை ஒப்பிட்டுப் பார்க்கும்போது, ஒரு துறையின் பழைய பிழை அடுத்த துறையில் உங்கள் உரிமையை வெட்டிவிடுகிறது.

இங்கே தரவுச் சட்டம் எவ்வளவு உதவும் என்பது கொஞ்சம் சிக்கலானது. மானியம், உதவித்தொகை, சான்றிதழ் போன்றவற்றுக்காக அரசு தரவைக் கையாள்வதற்கு 7ஆம் பிரிவு தனி வழி திறந்துவிட்டிருக்கிறது; பார்க்கவும் திருத்தவும் கேட்கும் உரிமைகளோ ஒப்புதலின் பேரில் கொடுத்த தரவைச் சுற்றியே எழுதப்பட்டிருக்கின்றன. ஆயினும் 17ஆம் பிரிவில் கவனிக்கத்தக்க ஓர் இடம் உண்டு. அரசு தரவை அழிக்க வேண்டியதில்லை என்று விலக்குக் கொடுத்த அதே பிரிவு, திருத்தக் கோரும் உரிமையிலிருந்து அரசுக்கு விலக்குத் தரும்போது மட்டும், அந்தத் தரவு ஒருவரைப் பாதிக்கும் முடிவுக்குப் பயன்படாமல் இருக்க வேண்டும் என்று நிபந்தனை விதிக்கிறது. அதாவது முடிவு என்று ஒன்று வந்துவிட்டால் அரசும் பிழையைத் திருத்தத்தான் வேண்டும் என்ற எண்ணம் சட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. விதிகளின் இரண்டாம் அட்டவணையும், உதவித்தொகைக்காகத் தரவைக் கையாளும் அரசு அது பிழையின்றி இருக்க நியாயமான முயற்சி எடுக்க வேண்டும் என்கிறது. நாளை நீதிமன்றங்கள் இந்த வரிகளை ஏழைகளின் பக்கம் நின்று படிக்கும் என்று நம்புகிறேன்.

நீங்கள் அதற்காகக் காத்திருக்க வேண்டாம். நிராகரிக்கப்பட்டவர்கள் இ-சேவை மையம் வழியாக வருவாய்க் கோட்டாட்சியருக்கு மேல்முறையீடு செய்யும் ஏற்பாடு இந்தத் திட்டத்தில் தொடக்கத்திலேயே வைக்கப்பட்டது, நல்ல ஏற்பாடு. அதற்கு 30 நாள் கெடு குறிக்கப்பட்டிருந்தது. கெடு தாண்டியிருந்தால் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை நடக்கும் குறைதீர் கூட்டத்தில் மனுக் கொடுங்கள். மனுவோடு கிராம நிர்வாக அலுவலரிடமிருந்து, வாகனம் உங்களிடம் இல்லை என்பதற்கு ஓர் அறிக்கையும் கேட்டு வாங்குங்கள். வேரை வெட்ட வேண்டிய இடம் வட்டாரப் போக்குவரத்து அலுவலகம்: வாகனத்தை விற்றவர் கொடுக்க வேண்டிய 29ஆம் எண் படிவத்தை உங்கள் கணவர் இப்போதாவது கொடுக்கட்டும், விற்றபோது எழுதிய ஒப்பந்தமோ பெற்றுக்கொண்ட ரசீதோ இருந்தால் இணைக்கட்டும். எந்தத் துறையின் எந்தப் பதிவை வைத்து நிராகரித்தார்கள் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் 10 ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டிக் கேளுங்கள். தரவுச் சட்டம் வந்ததிலிருந்து, தனிநபர் தகவல் என்று சொல்லித் தகவல் அறியும் மனுக்களைத் திருப்புவது எளிதாகியிருக்கிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவு அப்படித் திருத்தப்பட்டுவிட்டது. ஆனால் நீங்கள் கேட்பது உங்களைப் பற்றிய தகவலை. அதை மறுக்க அந்தத் திருத்தத்தைக் காட்ட முடியாது.

கே: வெளிநாடுகளில் கணினி எடுக்கும் முடிவுகளுக்குக் கட்டுப்பாடு இருப்பதாகப் படித்தேன். நம் நாட்டுச் சட்டத்தில் அது ஏன் சேர்க்கப்படவில்லை?
— சட்டக் கல்லூரி மாணவி, சேலம்

ப: இந்தக் கட்டுப்பாடு புதிதன்று. பிரான்ஸ் நாடு 1978 ஜனவரியிலேயே, ஒரு மனிதரின் நடத்தையை மதிப்பிடும் நீதிமன்றத் தீர்ப்பு எதுவும் கணினி தயாரித்த கணிப்பின் அடிப்படையில் அமையக் கூடாது என்று சட்டம் போட்டது. தனிக் கணினி வீடுகளில் பரவாத காலம் அது. அந்தக் கருத்து 1995இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் நெறிமுறைக்குள் வந்து, 2018 மே 25 முதல் நடைமுறையில் இருக்கும் பொதுத் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறையில் 22ஆம் உறுப்பாக நிற்கிறது. சட்டரீதியாகவோ அதற்கு இணையாகவோ ஒருவரைக் கடுமையாகப் பாதிக்கும் முடிவை முழுக்க முழுக்கத் தானியங்கி முறையில் எடுக்கக் கூடாது; ஒப்பந்தத்துக்காகவோ வெளிப்படையான ஒப்புதலின் பேரிலோ எடுக்கும்போதுகூட, மனிதர் ஒருவர் தலையிடவும், பாதிக்கப்பட்டவர் தன் பக்கத்தைச் சொல்லவும், முடிவை எதிர்க்கவும் வழி இருக்க வேண்டும் என்பது அதன் சாரம்.

இதில் ஓட்டை உண்டா என்றால் உண்டு. ‘நாங்கள் ஸ்கோர் மட்டுமே தருகிறோம், முடிவு வங்கியுடையது’ என்று ஸ்கோர் தருபவர் சொல்வார். ‘ஸ்கோர் அப்படி வந்துவிட்டது’ என்று வங்கி சொல்லும். முன்பு பார்த்த சிவதாபுரம் வாசகருக்கு நேர்ந்ததும் இதுவே. ஜெர்மனியின் ஷூஃபா என்ற கடன் தகவல் நிறுவனத்தைப் பற்றிய வழக்கில், 2023 டிசம்பர் 7 அன்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் இந்தச் சாக்கை மூடியது: வங்கி பெரிதும் அந்த ஸ்கோரை நம்பியே முடிவெடுக்கிறது என்றால், ஸ்கோர் போடுவதே தானியங்கி முடிவுதான் என்று தீர்ப்பளித்தது. 2025 பிப்ரவரியில் ஆஸ்திரியாவிலிருந்து வந்த இன்னொரு வழக்கில், மாதம் 10 யூரோ அளவிலான ஒரு செல்பேசி ஒப்பந்தம் மறுக்கப்பட்ட பெண்ணுக்கு, தன் தரவு எப்படிப் பயன்பட்டு அந்த மதிப்பீடு வந்தது என்பதைப் புரியும்படி விளக்கப்பெறும் உரிமை உண்டு என்று அதே நீதிமன்றம் கூறியது. தொகை சிறியது, கொள்கை பெரியது.

இந்தியாவில் தனியுரிமை அடிப்படை உரிமையே என்று ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் தீர்ப்பளித்தது. தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்காக அமைக்கப்பட்ட, நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா தலைமையிலான குழு 2018 ஜூலையில் அறிக்கை கொடுத்தது. தானியங்கி முடிவுகளை எதிர்க்கும் தனிநபர் உரிமையை அந்தக் குழு எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் ஒதுக்கியது. மனிதர் மறுபரிசீலனை செய்தாலும் அவருக்கும் பாரபட்சம் இருக்கலாம். ஆகவே ஒவ்வொரு தனிநபரும் வழக்காடுவதைவிட, நிறுவனங்களை முன்கூட்டியே பொறுப்பாக்குவது மேல் என்பது குழுவின் வாதம். மதிப்புக்குரிய வாதமே, ஆனால் நான் அதை ஏற்கவில்லை. பாரபட்சமுள்ள மனிதரிடம் நாம் எதிர்வாதம் செய்யலாம், அவர் மேலதிகாரியிடம் போகலாம், அவர் எழுதிய உத்தரவை நீதிமன்றத்தில் காட்டலாம். கணினியின் பாரபட்சத்துக்கு முன்னால் இவற்றில் எதுவும் நடப்பதில்லை. மேலும், முன்கூட்டிப் பொறுப்பாக்குவதாகச் சொன்ன பகுதியும் 2019 மசோதா, 2022இல் அது திரும்பப் பெறப்பட்டது, 2023 சட்டம் என்று வரவரத் தேய்ந்துவிட்டது. இன்று மிஞ்சியிருப்பது, மத்திய அரசு ‘முக்கியத்துவம் வாய்ந்தவை’ என்று அறிவிக்கும் பெரிய நிறுவனங்கள் தங்கள் அல்காரிதம் மென்பொருள் மக்களின் உரிமைகளுக்குக் கேடு விளைவிக்காதா என்று சரிபார்க்க வேண்டும் என்ற ஒரு விதியும், ஆண்டுதோறும் தணிக்கையும்தான். அந்தச் சரிபார்ப்பின் முடிவு பாதிக்கப்பட்டவர் கைக்கு வராது.

மனிதக் கண் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்குச் சான்று தேட வேண்டியதில்லை. நெதர்லாந்தில் குழந்தைப் பராமரிப்பு உதவித்தொகை பெற்ற ஆயிரக்கணக்கான பெற்றோர்மீது தவறாக மோசடி முத்திரை குத்தப்பட்டது. இடர் கணிக்கும் மென்பொருள் அவர்களுடைய குடியுரிமையையும் ஓர் அளவுகோலாகக் கொண்டிருந்தது. 2021 ஜனவரியில் அரசே பதவி விலக நேர்ந்தது. நம் நாட்டிலேயே தெலங்கானாவில், கள விசாரணையின்றிக் கணினியின் அளவுகோல்களைக் கொண்டு ஏறத்தாழ 19 லட்சம் குடும்ப அட்டைகள் ரத்து செய்யப்பட்டதாகத் தொடுக்கப்பட்ட வழக்கில், உச்ச நீதிமன்றம் 2022இல் கள ஆய்வு நடத்தச் சொன்னது.

அண்டை நாடான இலங்கை 2022இல் இயற்றிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், தானியங்கி முடிவை மறுபரிசீலனை செய்யக் கோரும் உரிமையைச் சேர்த்துவிட்டது. நம்மால் முடியாது என்பதற்கில்லை. தமிழ்நாடு அரசே 2020இல் பாதுகாப்பான, அறம் சார்ந்த செயற்கை நுண்ணறிவுக் கொள்கை ஒன்றை வெளியிட்டு, அரசு பயன்படுத்தும் இத்தகைய முறைகளை ‘டீப்-மேக்ஸ்’ என்ற மதிப்பெண் அட்டையால் சோதிக்க வேண்டும் என்றது. கொள்கைக்குச் சட்டத்தின் வலு இல்லை. ஆனாலும் நீங்கள் நாளை உயர் நீதிமன்றத்தில் ஒரு ரிட் மனு எழுதும்போது, அரசு தானே ஏற்றுக்கொண்ட அளவுகோல் இது என்று காட்டலாம். அரசின் முடிவாக இருந்தால் உங்களுக்கு அரசமைப்பின் 14, 21ஆம் உறுப்புகளும், பாதிக்கப்படுபவரின் பேச்சைக் கேட்காமல் முடிவெடுக்கக் கூடாது என்ற இயற்கை நீதியும் இருக்கின்றன. அவை கணினி வருவதற்கு முன்பே இருந்தவை. கணினி வந்ததால் காலாவதியாகவில்லை.

கே: ஏற்காட்டில் விடுதியில் தங்கிப் படிக்கும் என் மகனின் வருகைப் பதிவுக்கு முகப்படம் எடுக்கிறார்கள். என் அனுமதி வேண்டாமா?
— வாசகி, அழகாபுரம்

ப: 18 வயது நிரம்பாதவரின் தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும், குழந்தைகளைப் பின்தொடர்ந்து கண்காணிப்பதும், அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதும் கூடாது என்பது 9ஆம் பிரிவு. ஆனால் கல்வி நிறுவனங்களுக்குக் கல்விப் பணிக்காகவும் குழந்தைகளின் பாதுகாப்புக்காகவும் விதிகளில் விலக்குத் தரப்பட்டிருக்கிறது; வருகைப் பதிவை அதற்குள் கொண்டுவந்துவிடுவார்கள். அந்தப் படம் எங்கே சேமிக்கப்படுகிறது, எந்த வெளி நிறுவனத்தின் மென்பொருள், பையன் பள்ளியைவிட்டு வந்தபின் அழிக்கப்படுமா என்ற மூன்றையும் எழுதிக் கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கும் பள்ளியை விடாதீர்கள்.

கே: எங்கள் நெசவாளர் சங்கத்தில் உறுப்பினர் விவரங்களை எக்ஸெல்லில் வைத்திருக்கிறோம், பழைய பேரேடுகளும் உண்டு. எங்களுக்கும் இந்தச் சட்டம் உண்டா?
— செயலாளர், அம்மாப்பேட்டை

ப: எக்ஸெல்லுக்கு உண்டு. பேரேட்டுக்கு, அதை ஸ்கேன் செய்யும் வரை இல்லை. உறுப்பினருக்குக் கொடுக்கும் அறிவிப்பைத் தமிழில் பெறும் வாய்ப்பை அவருக்குத் தர வேண்டும் என்பதை மறக்க வேண்டாம். எட்டாம் அட்டவணை மொழிகள் அனைத்துக்கும் சட்டம் அந்த இடத்தைக் கொடுத்திருக்கிறது. கோப்புக்குக் கடவுச்சொல் போட்டு, அந்தக் கடவுச்சொல்லைச் சுவரில் ஒட்டாமல் இருந்தாலே பாதி வேலை முடிந்தது.

கே: என்னைப் பற்றிய தவறான தரவால் எனக்கு நஷ்டம் ஏற்பட்டால், 250 கோடி ரூபாய் அபராதம் என்கிறார்களே, அதில் எனக்குப் பங்கு வருமா?
— வாசகர், ஆத்தூர்

ப: ஒரு ரூபாய்கூட வராது. 250 கோடி என்பது தரவைப் பாதுகாக்கத் தவறியதற்கான உச்ச அளவு. மற்ற மீறல்களில் பெரும்பாலானவற்றுக்கு உச்சம் 50 கோடி. எதுவாயினும் அது இந்தியத் தொகுப்பு நிதியில் சேரும். இதுவரை தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவு, கவனக்குறைவால் இழப்புக்கு ஆளானவருக்கு நிறுவனம் இழப்பீடு தர வேண்டும் என்று சொல்லிவந்தது. புதிய சட்டம் 2027 மே முதல் அந்தப் பிரிவை நீக்குகிறது. பாதிக்கப்பட்டவரின் கையிலிருந்ததைப் பறித்துவிட்டு அபராதத்தை மட்டும் உயர்த்தியிருப்பதை நான் அநீதி என்றே கருதுகிறேன்.

உங்களுக்கு மிச்சமிருக்கும் வழி நுகர்வோர் ஆணையம். பணம் கொடுத்துப் பெற்ற சேவையில் குறைபாடு என்ற அடிப்படையில் சேலம் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் வழக்குத் தொடரலாம்; சேவைக்காக நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்கு உட்பட்டதாக இருந்தால் நீதிமன்றக் கட்டணம் கிடையாது, இரண்டு ஆண்டுகளுக்குள் தொடர வேண்டும். நிறுவனத்தின் தலைமையகம் மும்பையிலோ குருகிராமிலோ இருந்தாலும், நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போட 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் அனுமதிக்கிறது. வழக்கறிஞர் இல்லாமலும் வாதாடலாம். நிறுவனத்துக்கு நீங்கள் எழுதிய கடிதங்களின் நகலும், அவை போய்ச் சேர்ந்ததற்கான அத்தாட்சியும் கையில் இருக்கட்டும்.